தும்பலப்பட்டி ஸ்டேஷனின் துரு

"எங்க ஊருக்கு ரயில் விடணும். சொல்லித் தருவீங்களா தம்பி?"

பிரிட்டோ வாத்தியார் தலையைத் தூக்கவில்லை. அவர் கையில் சால்டரிங் கோல் புகைந்துகொண்டிருந்தது.

"அதுக்கு ரயில்வே ஆபீஸுக்குப் போகணும்க்கா."

"போனேன்."

"என்ன சொன்னாங்க?"

"போதுமான பயணிகள் இல்லைன்னு சொன்னாங்க."

"இல்லையா?"

"ரயிலே வராத ஊர்ல பயணி எங்கிருந்து வருவான்? பிளாட்பாரமே இல்லாம எதுல போய் நிப்பான்?"

வாத்தியார் கோலைத் தாங்கியில் வைத்தார். அப்போதுதான் வந்தவளை நிமிர்ந்து பார்த்தார்.

வந்தவள் பெயர் தவமணி. தும்பலப்பட்டி பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே தையல் கடை வைத்திருந்தாள். வயது ஐம்பதைத் தாண்டிவிட்டது, வாய் மட்டும் இருபதிலேயே நின்றுவிட்டது என்று அவள் கணவர் சின்னக்கண்ணு சொல்வார்.

வாத்தியாருக்கு அவளைவிடப் பதினைந்து வயதாவது குறைவு. சேலம் சூரமங்கலத்தில், ஒரு மாடி அறையில் உட்கார்ந்து, உள்ளங்கை நீளத்தில் ரயில் பெட்டிகள் செய்வார். செய்வதை வீடியோ எடுத்துப் போடுவார். வீடியோவில் முகம் தெரியாது. இரண்டு கைகள், ஒரு மேஜை, அவ்வளவுதான்.

அந்தக் கைகளுக்கு ஊரெல்லாம் சீடர்கள் இருந்தார்கள். டாக்டர், வக்கீல், வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர்கள் என்று பலவகை. வீட்டில் ஓர் அறையை அடைத்துக்கொண்டு குட்டித் தண்டவாளம் போட்டு, குட்டி ரயில் விடுகிறவர்கள். மற்ற பைத்தியங்களைப் போலவே இவர்களும் அதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். வாத்தியாரின் வீடியோவை நிறுத்தி, பின்னால் தள்ளி, மறுபடி பார்த்து, அவர் கை வைத்த இடத்தில் தாங்களும் கை வைப்பார்கள்.

ஒவ்வொரு வீடியோவும் ஒரே மாதிரிதான் தொடங்கும். நிஜ ஸ்டேஷனின், நிஜ இன்ஜினின் போட்டோ ஒன்றை அந்தக் கைகள் மேஜைமேல் வைக்கும். அதற்கு அசல் என்று பெயர். அசலை வைத்த பிறகுதான் அவை ஆணியைத் தொடும்.

"அசல் போட்டோ கொண்டு வந்திருக்கீங்களா?" என்றார் வாத்தியார்.

"ஸ்டேஷன் இருந்தால்ல போட்டோ இருக்கும்."

"பின்னே என்ன இருக்கு?"

"நான் ஏழாவது படிக்கும்போது சர்வே கல்லு நட்டாங்க. எங்க வீட்டுக் கொல்லையில ஒண்ணு இருக்கு. அதுலதான் துணி துவைக்கிறோம்."

"ரயிலு?"

"ஒவ்வொரு தேர்தலுக்கும் வரும். ஓட்டு எண்ணி முடிச்சதும் போயிரும்."

வாத்தியார் சிரிக்கவில்லை. எழுந்துபோய் அலமாரியைத் திறந்தார். உள்ளே கட்டுக் கட்டாகப் போட்டோக்கள்.

"நான் நகல் எடுக்கிறவன்க்கா. அசல் இல்லாம ஒரு ஆணிகூட அடிக்க மாட்டேன். என்கிட்ட கத்துக்கிறவங்களும் அடிக்கக் கூடாது."

"அப்ப சொல்லித் தர மாட்டீங்க."

"மாட்டேன்."

"உங்க வீடியோவைப் பார்த்து நானே கத்துக்கிட்டா?"

வாத்தியார் அலமாரியை மூடினார்.

"அதை நான் தடுக்க முடியாது."

"அது போதும்" என்று சொல்லிவிட்டுத் தவமணி படியிறங்கினாள்.

*

தும்பலப்பட்டியில் ரயில் கோரிக்கைக் குழு என்று ஒன்று இருந்தது. செத்தவர்கள் போக, சேலத்துக்குக் குடிபோனவர்கள் போக, அலுத்துப்போய் விலகியவர்கள் போக, குழு என்றால் இப்போது தவமணிதான். தலைவர், செயலாளர், கூட்டத்துக்கு வருகிற கூட்டம், எல்லாமே அவள்தான்.

மனு எழுதி எழுதி அவளுக்குக் கை சலித்துவிட்டது. அந்தக் கையைத்தான் இப்போது வேறு வேலைக்குத் திருப்பினாள்.

தையல் மெஷின் மேஜையில் போனை நிறுத்திவைத்து வீடியோ பார்ப்பாள். ஜாக்கெட்டுக்கு அளவு எடுக்க வந்தவர்கள் கையைத் தூக்கிக்கொண்டு காத்து நிற்பார்கள்.

சர்வே கற்களின் ஓரமாகவே நடந்துபோய்ப் பார்த்துவிட்டு வந்து, பாதையைப் பழுப்புக் காகிதத்தில் ஜாக்கெட் வெட்டுகிற மாதிரி வரைந்தாள். ஏரிக்கரை, ரேஷன் கடைப் பின்புறம், அதைத் தாண்டினால் சின்னக்கண்ணுவின் பங்காளி செல்வராசுவின் தென்னந்தோப்பு. கற்கள் போன வழியில் இரண்டு அட்டைப் பலகைகள்மேல் தண்டவாளமும் போயிற்று.

"ஊருக்கு ரயில் வந்துருச்சு. வீட்டுக்குத்தான் இன்னும் சோறு வரல" என்றார் சின்னக்கண்ணு.

"அரிசி களைஞ்சு வெச்சிருக்கேன். பொங்கி எறக்குங்க" என்றாள் தவமணி, தண்டவாளத்திலிருந்து கண்ணை எடுக்காமல்.

ஒருநாள் செல்வராசு சண்டைக்கு வந்துவிட்டான்.

"யாரைக் கேட்டு என் தோப்புல ரயில் விட்டீங்க அண்ணி?"

"கல்லு அங்கதான் நட்டிருக்கு."

"மூணு மரம் போகுதே. கொஞ்சம் தள்ளிப் போடுங்க."

"போட முடியாது. வளைவு உடைஞ்சு வண்டி கவுந்துரும்."

செல்வராசு உட்கார்ந்து வளைவைப் பார்த்தான். ரொம்ப நேரம் பார்த்தான். பிறகு, மரம் போனால் போகட்டும், கிணறு மட்டும் இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டு போனான். தும்பலப்பட்டியில் ரயிலை நம்பிய இரண்டாவது ஆள் அவன்தான்.

வேலை நன்றாக நடந்தது. அட்டையில் ஸ்டேஷனும் எழும்பியது. ஊர் கல் கிரஷரின் தூளைச் சலித்து ஜல்லி போட்டாள். பசையை நீர்க்கக் கரைத்து, மருந்து விடுகிற சொட்டுக்குழாயால் ஜல்லிமேல் சொட்டினாள். வண்டி தடம் மாறுகிற பாயிண்டில் மட்டும் சக்கரம் இறங்கி இறங்கிப் படுத்தியது. அந்த வீடியோவை மனப்பாடம் ஆகும்வரை பார்த்து, அரத்தால் ராவி ராவி, அதையும் வழிக்குக் கொண்டுவந்தாள்.

கடைசியாகத் துரு வீடியோவுக்கு வந்தாள்.

வாத்தியாரின் வீடியோக்களில் அதிகம் பேர் பார்த்தது அதுதான். புதுத் தண்டவாளத்தில் துரு ஏற்றுவது, சுவரில் கரி படியவைப்பது, குழாயடியில் பாசி பிடிக்கவைப்பது, பேர்ப்பலகையை வெயிலில் வெளுத்த மாதிரி ஆக்குவது. புதுசாக இருந்தால் பொம்மை, பழசாக இருந்தால் ரயில். சீடர்கள் எல்லாருக்கும் தெரிந்த பாடம் இது.

தவமணி மனம் வைத்துச் செய்தாள். காவியும் பழுப்பும் கலந்து தண்டவாளத்துக்குத் துரு பூசினாள். தூணில் வெற்றிலை எச்சில் கறை வைத்தாள். சிமெண்ட் பெஞ்சில் ஒரு மூலையை உடைத்துவிட்டாள். பேர்ப்பலகையில் மஞ்சளைப் பழுப்பாக்கி, எழுத்தைத் தேய்த்து மங்கவைத்தாள்.

போட்டோ எடுத்து ரயில் பிரியர்களின் குழுவில் போட்டதும் பாராட்டு குவிந்தது. ஒருவர் எழுதினார்: "இந்த ஸ்டேஷன் எனக்குத் தெரியும். சின்ன வயசில் அப்பாவோடு இங்கே இறங்கியிருக்கேன்."

தவமணிக்குக் கண் கலங்கிவிட்டது. அவர் சொன்னதை அவள் மறுக்கவில்லை. அன்றைக்கு முழுக்க ஒரு ஜாக்கெட்கூடத் தைக்காமல் அதையே திருப்பித் திருப்பிப் படித்துக்கொண்டிருந்தாள்.

*

சேலத்தில் ரயில் பிரியர்களின் கண்காட்சி வர இருந்தது. எந்த ரயில் ஓடலாம், எது ஓடக் கூடாது என்று சொல்கிற பொறுப்பு பிரிட்டோ வாத்தியாருடையது. தவமணி பலகைகளை மினி வேனில் ஏற்றிக்கொண்டு, கண்காட்சிக்கு முன்பாகவே சூரமங்கலம் போய்ச் சேர்ந்தாள்.

வாத்தியார் இரண்டு பலகைகளையும் மேஜைமேல் சேர்த்துவைத்தார். வண்டியை விட்டார். ஏரிக்கரை தாண்டி, தோப்புக்குள் புகுந்து, கிணற்றை ஒட்டி வளைந்து, தும்பலப்பட்டி ஸ்டேஷனில் வந்து நின்றது. எங்கேயும் இறங்கவில்லை.

"பாயிண்ட் நல்லா விழுது" என்றார்.

தவமணிக்கு விருந்து சாப்பிட்ட மாதிரி இருந்தது.

வாத்தியார் முட்டியை மடக்கி, கண்ணைப் பிளாட்பார மட்டத்துக்கு இறக்கி, ஸ்டேஷனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"இந்த ஸ்டேஷனை எப்பக்கா மூடுனாங்க?"

"மூடலையே தம்பி. இன்னும் திறக்கவே இல்ல."

வாத்தியார் ஒரு விரலைத் தண்டவாளத்தில் வைத்து அழுத்தி இழுத்தார். விரலை அவளிடம் காட்டினார். நுனியில் பழுப்பு.

"அப்ப இது?"

"உங்க வீடியோல வந்ததுதான். துரு வீடியோ."

"அது இங்க இருக்கிற பழைய கூட்ஸ் ஷெட்டோட துரு."

"எல்லா ஸ்டேஷனும் அப்படித்தானே இருக்கு?"

"இருந்த ஸ்டேஷன் எல்லாம் அப்படி இருக்கு."

தவமணிக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்க மனம் வரவில்லை.

"அன்னிக்கு அசல் இல்லைன்னு அனுப்புனீங்க. இன்னிக்கு அசல் மாதிரியே இருக்குன்னு குத்தம் சொல்றீங்க. உங்க கை செஞ்சதைத்தானே என் கையும் செஞ்சுது?"

வாத்தியார் எழுந்துபோய், பெயிண்டைக் கரைக்கிற தின்னர் புட்டியை எடுத்துவந்தார். ஒரு கிண்ணத்தில் தின்னர் ஊற்றினார். பக்கத்தில் ஒரு பழைய பனியன் துணியை வைத்தார். சாப்பிடக் கீழே போய்விட்டார்.

போகட்டும் என்று தவமணி பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். மினி வேன்காரனைக் கூப்பிடப் போனை எடுத்தாள். கிளம்புமுன் ஒருமுறை, வாத்தியார் பார்த்த மாதிரியே முட்டியை மடக்கிப் பார்த்தாள்.

பேர்ப்பலகை கண்ணுக்கு நேரே இருந்தது. தும்பலப் என்பது தெரிந்தது. பட்டி தெரியவில்லை. துரு ஏற்றிய அன்று, சின்னத் தூரிகையால், மூச்சைப் பிடித்துக்கொண்டு, அவளேதான் அதை அழித்தாள். அழித்துவிட்டுச் சந்தோஷப்பட்டாள்.

ரயில்வே ஆபீஸில் இருந்தவர்கள்கூட இல்லை என்று மட்டும்தான் சொன்னார்கள். வந்து, ஓடி, கெட்டு, முடிந்துபோனது என்று அவர்கள் சொல்லவில்லை. அதைச் சொன்னது இவள்.

பிறக்காத பிள்ளைக்கு நரை தடவியிருக்கிறேனே என்று நினைத்தாள். அழுகை வந்தது. அதன் பின்னாலேயே கோபமும் வந்தது. அழுகையைவிடக் கோபம் அவளுக்குப் பழகியது. பையைக் கழற்றிக் கீழே வைத்துவிட்டு, துணியைத் தின்னரில் நனைத்தாள்.

வாத்தியார் திரும்பி வந்தபோது அறை முழுக்கத் தின்னர் வாடை. தண்டவாளம் பளபளவென்று கிடந்தது. தவமணியின் நகமெல்லாம் பழுப்பு.

"பெஞ்சு?" என்றார்.

"வீட்ல போய் ஒட்டிக்குவேன்."

"போர்டு?"

"புதுசா எழுதணும்."

"கறுப்பை நல்லா அழுத்தமா எழுதுங்க."

"அது எனக்குத் தெரியும்." துணியை உதறி மடித்து வைத்தாள். "கண்காட்சியில எனக்கு மேஜை உண்டா?"

"மேஜை யாருக்கும் உண்டு. வண்டி ஓட்டணும்னா அசல் போட்டோ வேணும்."

"இன்னமுமா?"

"விதி அதுதான்."

"யாரு போட்ட விதி?"

"நான் போட்டது."

"சரி. அன்னிக்குப் பார்த்துக்கலாம்" என்றாள் தவமணி.

*

கண்காட்சி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. மணமக்கள் உட்காருகிற மேடைமேல்கூட ஒரு மலைப்பாதை ரயில் ஏறிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு மேஜையிலும் இடது ஓரத்தில் ஒரு தாங்கி, அதில் அசல் போட்டோ. வாத்தியார் வந்து போட்டோவைப் பார்ப்பார், ரயிலைப் பார்ப்பார், குனிந்து பிளக்கை மாட்டுவார். அவர் மாட்டினால்தான் அந்த மேஜையில் வண்டி ஓடும். வேறு யாரும் மாட்டக் கூடாது. அது அவர்களுக்குள் வழக்கம்.

தவமணியின் மேஜையில் தாங்கி இருந்தது. அதில் ஒன்றுமில்லை.

தும்பலப்பட்டி ஸ்டேஷன் புதுச் சுண்ணாம்பில் நின்றது. பெஞ்சு முழுசாக இருந்தது. பலகையில் மஞ்சள்மேல் கறுப்பு, தெருமுனையிலிருந்து படிக்கலாம் போல. பிளாட்பாரம் நிறையக் கட்டைவிரல் உயர ஆட்கள், கடையில் மிஞ்சிய துண்டுத் துணியில் புடவையும் வேட்டியும் கட்டிக்கொண்டு, வண்டி வருகிற திசையைப் பார்த்து நின்றார்கள்.

"திறப்பு விழாவா?" என்று கேட்டார் பக்கத்து மேஜைக்காரர். "தலைவருங்களுக்கு மேடையைக் காணோமே?"

"டிக்கெட் எடுத்து ஏறுறவங்களுக்கு மட்டும்தான் இடம்" என்றாள் தவமணி.

அவர் விடவில்லை.

"தப்பா நினைக்காதீங்க. ரொம்பப் புதுசா இருக்குங்க, பொம்மை மாதிரி. கொஞ்சம் துரு அடிச்சா எடுப்பா இருக்கும்."

"ஓட ஓடத் தானா வரும் சார்."

பதினொரு மணி வாக்கில் தும்பலப்பட்டிக்காரர்கள் வந்து சேர்ந்தார்கள். இரண்டு பஸ் மாறி, நின்றுகொண்டே வந்தவர்கள். செல்வராசு மனைவியையும் மாமியாரையும் கூட்டிவந்து தன் கிணற்றைக் காட்டினான். சின்னக்கண்ணு ஓரமாக நின்று, இதையெல்லாம் செய்தது யார் என்று கேட்டவர்களிடமும் கேட்காதவர்களிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லாரும் கடைசியில் ஒன்றையே கேட்டார்கள்.

"வண்டி எப்பம்மா ஓடும்?"

"ஓடும்" என்றாள் தவமணி. பார்வை காலித் தாங்கிக்குப் போயிற்று.

வண்டி ஓடவில்லையென்றால் இவர்கள் மறுபடி இரண்டு பஸ் மாறித் திரும்பிப் போவார்கள். கேட்டு ஏமாந்தது போதாதென்று பார்க்கப் போயும் ஏமாந்தோம் என்று ஊரில் பேசுவார்கள். பிறகு ரயில் என்ற சொல்லையே யாரும் எடுக்க மாட்டார்கள். கோரிக்கைக் குழுவில் அவள்கூட மிஞ்ச மாட்டாள். அது அவளுக்கு நன்றாகத் தெரிந்தது.

வாத்தியார் மேஜை மேஜையாக வந்தார். தும்பலப்பட்டி முன்னால் நின்றார். கூட்டம் பேச்சை நிறுத்தியது. மற்ற மேஜைக்காரர்கள் தங்கள் ரயில்களை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள்.

வாத்தியார் காலித் தாங்கியைப் பார்த்தார்.

"அசல் போட்டோ எங்கக்கா?"

"இல்லை."

"விதி தெரியும்ல?"

"தெரியும்."

"தெரிஞ்சுமா வந்தீங்க?"

"தெரிஞ்சுதான் வந்தேன்." தவமணி மேஜைமேல் இருந்த ஸ்டேஷனைக் கைகாட்டினாள். "இதுதான் தம்பி அசல். நாளைக்கு எங்க ஊர்ல ஸ்டேஷன் கட்டுறவங்க இங்க வந்து இதைப் போட்டோ எடுத்துட்டுப் போகட்டும். அவங்க கட்டுறது நகலா இருக்கட்டும்."

யாரோ சிரித்தார். கூடச் சிரிக்க ஆள் இல்லாததால் நிறுத்திக்கொண்டார்.

"நான் பிளக்கை மாட்டலைன்னா?" என்றார் வாத்தியார்.

"நிப்போம்."

"எவ்வளவு நேரம்?"

"எங்களைக் கேக்குறீங்களா, எவ்வளவு நேரம் நிப்பீங்கன்னு?"

தும்பலப்பட்டிக்காரர்கள் அசையவில்லை. செல்வராசு கையில் இருந்த பையைக் கீழே வைத்தான். அவன் மாமியார் அதன் பக்கத்தில் தன் பையை வைத்தாள். பின்னால் இருந்தவர்களும் ஒவ்வொருவராக மூட்டையையும் தூக்குச்சட்டியையும் இறக்கி வைத்தார்கள்.

வாத்தியார் அவர்களைப் பார்த்தார். பிறகு குனிந்து, மேஜைக்கடியில் கிடந்த பிளக்கை எடுத்தார். அதைத் தவமணியின் கையில் கொடுத்தார்.

கொடுத்துவிட்டு, கூட்டத்துக்குள் போய், செல்வராசுவின் மாமியாருக்குப் பின்னால் இடம் பிடித்து, வண்டி வருகிற திசையைப் பார்த்து நின்றுகொண்டார்.